தோட்டத்துக்குத் தரை போட்டவன்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அண்ணனும் அண்ணியும் நலமாக இருக்கிறோம், என் கையெழுத்துக்குத்தான் உடம்பு சரியில்லை. சில எழுத்து நிற்கிறது, சில எழுத்து படுத்துக் கிடக்கிறது, ஒன்றிரண்டு பக்கத்து எழுத்தின் தோளில் சாய்ந்து மூச்சு வாங்குகிறது. பொறுத்துக்கொண்டு படி. நாற்பது வருடம் கரணை பிடித்துச் சுவர் பூசிய கைக்குப் பேனா ரொம்ப லேசாக இருக்கிறது, ஓடிப்போய்விடுமோ என்று இறுக்கிப் பிடிக்கிறேன், அதனால்தான் தாள் அங்கங்கே கிழிந்திருக்கிறது. வரி மட்டும் நேராக இருக்கும் பார், நூல் கட்டிப் பிடித்து எழுதியிருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய், அந்த ஊர் ரொட்டிக் கடையில் அடுப்புச் சூட்டில் நின்று வேலை பார்த்துவிட்டு வேர்வையோடு குளிரில் வெளியே போகிறாயோ என்று எனக்குக் கவலை. காதை மூடிக்கொண்டு போ.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன், உன் அம்மா இல்லை. இதுவரை வந்த கடிதமெல்லாம் நான் சொல்ல அம்மா எழுதியவை. அவள் தையல்காரி இல்லையா, நான் ஒரு மீட்டர் சொன்னால் கால் மீட்டரை வெட்டிக் கீழே போட்டுவிட்டு மிச்சத்தைத்தான் தாளில் ஏற்றுவாள். கேட்டால், “அதெல்லாம் அவளுக்கு எதுக்கு, தூரத்துல இருக்கிற புள்ள பயந்துடும்” என்பாள். நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததில் போன வருடம் ஒருநாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “உங்க வாய்க்கு ஈடுகொடுத்து என்னால எழுத முடியாதுங்க, நீங்களே எழுதப் படிச்சுக்கங்க” என்று துணி வெட்டுகிற மேசையில் தையல் சாக்பீஸால் முதல் எழுத்தைப் போட்டுக் காட்டினாள். கோபத்தில் போட்ட எழுத்து அது. மறுநாள் இரண்டாவது எழுத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பத்து மாதம் ஆயிற்று. எழுபதுக்கு இரண்டு வயது குறைவாக இருக்கும்போது படிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் தெரியுமா, கண்ணில் படுவதையெல்லாம் படிக்க வேண்டியிருக்கிறது. உர மூட்டை, பம்பு மேல் ஒட்டின தகடு, லாரி முதுகு, தீக்குச்சிப் பெட்டி எதையும் விடுவதில்லை. போன வாரம் ஒரு கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று படித்துவிட்டு அங்கேயே நின்று சிரித்தேன். நான் வேலை பார்த்த எத்தனை வீட்டு வாசலில் இது எழுதியிருந்திருக்கும், தெரியாமல்தானே உள்ளே போய் இரண்டு தடவை கடி வாங்கினேன்.

போனில் பேசலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் நாலு பேரும் சுற்றி நின்று கேட்கிறார்கள், பாதியில் பிடுங்கிக்கொள்கிறார்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது அப்படி நாலு பேர் காதில் விழக்கூடாத சங்கதி. இது உனக்கும் எனக்கும் மட்டும். முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில் பயிர் நன்றாக இருக்கிறது என்று அம்மா எழுதினாள் அல்லவா, பயிர் நன்றாக இல்லை. பயிரே இல்லை.

அட்டைப்பெட்டிக் கம்பெனியை மூடினதும் அண்ணனும் அண்ணியும் ஒரே நாளில் வீட்டில் உட்கார்ந்தது உனக்குத் தெரியும். அண்ணன் பத்து நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணிதான் எழுந்து போய் அலைந்து இந்த நிலத்தைப் பிடித்தாள், ஆகையால் தோட்டத்துக்கு முதலாளி அவள், நாங்கள் மூன்று பேரும் கூலி. நிலம் ஒரு நர்ஸம்மாவுடையது. பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கையில் ஒரு கம்பு வைத்திருக்கிறார், அது நடப்பதற்கா அதட்டுவதற்கா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவருடைய அப்பா பயிர் செய்த நிலமாம், சும்மா கிடப்பதைப் பார்க்க மனசில்லை என்றார். அதே நிலத்தைச் செங்கல் சூளைக்காரர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்குக் கொடுத்தால் ஆறு அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டிச் சுட்டுவிடுவார், அப்புறம் அது நிலமில்லை, குட்டைதான். நர்ஸம்மா அண்ணியிடம், “ரெண்டு மாசம் கழிச்சு ஒண்ணாம் தேதி வருவேன். தோட்டம் பூரா பச்சையா நின்னா அஞ்சு வருஷத்துக்கு உங்களுக்கு. நிக்கலைன்னா என்னைக் குறை சொல்லக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கு எண்ணினால் அதற்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. நாங்கள் பம்பு அறையை ஒட்டியிருக்கிற தகரக் கூரை வீட்டுக்கே குடி வந்துவிட்டோம், நடு அறையில் அம்மாவின் தையல் மிஷின், ஜன்னலோரம் அண்ணன் அண்ணி, அடுப்படிக்குப் பக்கத்தில் நாங்கள். ராத்திரி தவளை சத்தம், உனக்குப் பிடிக்கும்.

பாத்தி போடுகிற வேலை எனக்கு வந்தது. சின்னக்குட்டி, நீ பார்த்திருக்க வேண்டும். நாலு பக்கம் முளை அடித்து, நூல் கட்டி, மூலைமட்டம் வைத்து, ரசமட்டம் பார்த்து எட்டுப் பாத்தி போட்டேன். ஒரு பாத்திக்கும் இன்னொரு பாத்திக்கும் நடுவில் வழி இம்மி பிசகாமல் ஒன்றே முக்கால் அடி. ஓரமெல்லாம் கரணையால் தேய்த்து வழவழப்பாக்கினேன், ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். அண்ணன், “அப்பா, இதுல வெண்டைக்காய் வைக்கணுமா இல்ல சோபா போடணுமா” என்றான். அம்மா மட்டும் சும்மாவா, கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு வந்து, பொத்தான் துளைக்குக் குறி போடுவதுபோல சாக்பீஸால் புள்ளி வைத்து, புள்ளிக்கு ஒரு விதையாகப் போட்டாள். வெண்டையும் பீன்ஸும் முள்ளங்கியும். போட்டு முடித்ததும் அண்ணி எங்களை வரிசையாக நிற்கவைத்து, “மாமா, உங்களைத்தான் சொல்றேன், விதை போட்டாச்சு, இனிமே பாத்தி மேல யாரும் கை வைக்கக் கூடாது” என்றாள். சரிம்மா என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டேனே தவிர எனக்குத் தூக்கம் வரவில்லை. பொலபொலவென்று கிடந்தது மண். மேலே கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிறது. நாற்பது வருடமாக அப்படி ஒரு மண்ணைப் பார்த்தால் அதன்மேல் ஒரு செங்கல் வைக்கமாட்டேன் நான். முதல் தண்ணீர் விட்டதும் இரண்டு மூலை அமுங்கிப் போய் மட்டம் போய்விட்டது வேறு. அப்போதுதான் விதைப் பாக்கெட்டைப் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்க டீ ஆறிவிட்டது. ‘விதைத்த பின் மண்ணை லேசாக அழுத்தவும்’ என்று அச்சிலேயே போட்டிருக்கிறான். என் வாழ்க்கையில் ஒரு தாள் எனக்கு இட்ட முதல் கட்டளை அது, நான் அதற்குக் கீழ்ப்படியாமல் இருக்க முடியுமா, நீயே சொல். ஆனால் லேசாக என்றால் எவ்வளவு என்று பாக்கெட்டில் இல்லை. கொத்தனாருக்கு லேசு என்றால் இடத்துக்குப் பத்து அடி. அஸ்திவாரத்துக்கு அடிமண்ணைக் குத்துகிற திமிசுக்கட்டை என்னிடம் இருக்கிறது அல்லவா, பழைய வீட்டிலிருந்து அதை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று அம்மா சண்டை போட்டாளே, அதே கட்டைதான். நாலு நாள் விடியற்காலையில் எல்லாரும் எழுவதற்கு முன் போய்ப் பாத்தி பாத்தியாகக் குத்தினேன். குத்திவிட்டு மேலே கொஞ்சம் பொடி மண்ணைத் தூவிவிட்டேன், அண்ணி பார்த்தால் பழையபடியே தெரியும். ஏழு பாத்தி முடித்தேன். எட்டாவது பாத்தி அவர்கள் படுக்கிற ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது, சத்தம் கேட்டு எழுந்துவிடுவார்கள் என்று அதை மட்டும் விட்டுவிட்டேன். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன், குமிழி நட்டநடுவில் நின்றது. அன்றைக்கு நான் டீ குடித்த சந்தோஷத்தை உனக்கு எழுதிக் காட்ட இன்னும் எனக்கு எழுத்து போதாது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று நீ ஊகித்திருப்பாய், நீ கெட்டிக்காரி. எட்டாவது பாத்தியில் ஆறாம் நாள் பச்சை தெரிந்தது. மற்ற ஏழிலும் பதினைந்து நாள் ஆகியும் ஒன்றுமில்லை. தண்ணீர் விட்டால் விட்டபடி நிற்கிறது, வாத்து வந்து குளித்துவிட்டுப் போகிறது, பொய் சொல்லவில்லை, யாருடைய வாத்தோ. அண்ணன் விதைக்கடைக்குப் போய்க் கத்தினான். கடைக்காரர் பாவம், சண்டைக்கு வராமல் அதே விதையில் பத்தை எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தார், மூன்றாம் நாள் ஒன்பது முளைத்துவிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே இங்கேயே வந்துவிட்டார். எட்டாவது பாத்தியில் விரலை விட்டார், முழு விரலும் இறங்கியது. முதல் பாத்தியில் விட்டார், விரல் மடங்கியது. உதறிக்கொண்டே, “என்னங்க இது, இது மேல ரோடு ரோலர் ஏதாவது ஓட்டுனீங்களா” என்றார். அண்ணன் அண்ணியைப் பார்த்தான், அண்ணி அம்மாவைப் பார்த்தாள், நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அந்த நொடியில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அவரே யோசித்து, குழாயைப் பீய்ச்சி அடித்தால் மண் இப்படி இறுகும் என்றார். தினமும் குழாய் பிடிப்பது அண்ணி. அண்ணன் உடனே, “அன்னிக்கே சொன்னேன்ல, பூவாளியில ஊத்துன்னு, கேட்டியா” என்றான். அண்ணி இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தனியாகப் பூவாளி தூக்குகிறாள். எட்டுப் பாத்தி, ஒரு பூவாளி.

இதுதான் சங்கதி. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாய் வருகிறது, வந்து பல்லில் முட்டிக்கொண்டு திரும்பிப் போகிறது. தரை போடுவதில் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கினவன், மருமகள் தோட்டத்துக்குத் தரை போட்டுவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது. மாவை எவ்வளவு அடித்துப் பிசைகிறாயோ அவ்வளவு உப்பும் என்று நீதானே சொன்னாய், மண் மட்டும் ஏன் இப்படி முறுக்கிக்கொள்கிறது. என்ன செய்யலாம் என்று யோசித்து எழுது. அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள், மூன்றாவது தடவை, குரல் ஏறிவிட்டது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன். தாள் பறக்காமல் இருக்க அடுப்படியில் உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

இது மறுநாள் எழுதுவது. சின்னக்குட்டி, உன் அப்பன் மாதிரி ஒரு முட்டாளை நீ பார்த்திருக்கமாட்டாய். அறுபத்தெட்டு வருடம் என் ரகசியமெல்லாம் என் வாய்க்குள் இருந்தது, வாயை மூடினால் பூட்டினமாதிரி. தாளில் எழுதினால் அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. உனக்கு எழுதினது உனக்குத்தான் கேட்கும் என்று நினைத்துவிட்டேன். உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன், இந்த வீட்டில் சமைப்பது யார், அண்ணி.

நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அண்ணி நிற்கிறாள், கையில் என் தாள், அதில் உப்பு ஒட்டியிருக்கிறது. அவள் கோபமாகப் பார்த்தாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை, மூக்கு சிவந்திருந்தது. “மாமா, எந்தெந்தப் பாத்தி?” என்றாள். ஏழும்மா என்றேன். “இடத்துக்கு எத்தனை அடி?” பத்தும்மா, மூலையில் மட்டும் பதினைந்து, மூலை பலமாக இருக்கணும் இல்லையா என்றேன். அவ்வளவுதான். அப்படியே கிணற்று மேடையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமி, இருமி அழுது, மறுபடியும் சிரித்து, கடைசியில் வீட்டைப் பார்த்து, “ஏங்க! இங்க ஓடி வாங்க! உங்கப்பா நம்ம தோட்டத்துல வீடு கட்டிக்கிட்டு இருக்காரு, முதல் மாடி முடிஞ்சுபோச்சு!” என்று கத்தினாள்.

அம்மா அந்தத் தாளை வாங்கி, எல்லாரையும் உட்காரவைத்து, உரக்கப் படித்தாள். நான் எழுதினது எனக்கே அவள் குரலில் கேட்டது, நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன், கேட்க இன்பமாக இருந்தது. தன்னைப் பற்றி வந்த இடத்தில் நிறுத்தி, “நானா வெட்டிக் கீழ போடறேன்? நீங்க சொல்றதை அப்படியே எழுதினா படிச்சு முடிக்கிறதுக்குள்ள புள்ளைக்கு விடிஞ்சுடும், தெரியுமில்ல” என்றாள். அண்ணன் சிரிக்கவில்லை. பூவாளி இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா படித்து முடித்ததும் அண்ணியிடம், “நான் சொன்னது தப்பு” என்றான். அண்ணி, “மூணு வார்த்தைதானா, ரெண்டு நாள் நான் தனியா தூக்கின பூவாளிக்குக் கணக்கு போட்டா நீங்க அடுத்த வருஷம் வரைக்கும் தண்ணி தூக்கணும்” என்றாள். அவன் எழுந்து அப்போதே பூவாளியை எடுத்துக்கொண்டு போனான், பாவம், அண்ணி ஏற்கெனவே ஊற்றி முடித்திருந்தாள், சும்மா தூக்கிக்கொண்டு நின்றான். நான் அண்ணியிடம் தனியாகப் போய், என்னால் நீ பேச்சு கேட்டாயே அம்மா, நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே என்றேன். அவள், “வாயை மூடிக்கிட்டீங்க, கைதான் சொல்லிடுச்சே, விடுங்க மாமா” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “ஆனா ரெண்டு நாள் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு” என்றும் சொன்னாள். அதையும் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

நடுவில் நாலு நாள் எழுத முடியவில்லை, கையெல்லாம் கொப்புளம். ஏழு பாத்தியையும் உடைக்க இறங்கினோம். மண்வெட்டி இறங்கவில்லை, கடப்பாரை போட்டோம். நான் போட்ட தரையை நானே உடைப்பது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை, ஒன்று சொல்லட்டுமா, வேலை சுத்தமாக இருந்தது, கட்டி கட்டியாகப் பெயர்ந்தது, வெட்கத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது, யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் வியர்த்து விறுவிறுத்து, “அப்பா, இதுல ஒரு பாத்தியை மட்டும் விட்டுவைக்கலாமா, கார் நிறுத்த உதவும்” என்றான். நம்மிடம் கார் இல்லை என்றேன். அண்ணி எங்கள் இரண்டு பேரையும் முறைத்தாள். அவள் முறைப்பதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. உடைத்ததைக் கையால் உதிர்த்து, மட்கின எரு கலந்து, ஒரு பாத்தி முடிந்து இரண்டாவதுக்குப் போகும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நர்ஸம்மா. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் சூளைக்காரர்.

எங்கள் கோலத்தை நினைத்துப் பார். தோட்டம் முழுக்க மண்ணாங்கட்டி, குழி, கடப்பாரை. அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பச்சை என்று பார்த்தால் ஜன்னலடியில் எட்டாவது பாத்தி ஒன்றுதான், அதுவும் கைக்குழந்தை உயரம்கூட இல்லை. சூளைக்காரர் வண்டியை விட்டு இறங்காமலே, “பாருங்கம்மா, நான் தோண்டவேண்டியதை இவங்களே பாதி தோண்டிட்டாங்க, எனக்கு வேலை மிச்சம்” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “என்ன மேஸ்திரி, இந்த வயசுல விவசாயமா” என்றார். உங்கள் செங்கல்லை நாற்பது வருடம் அடுக்கினவன் நான், பாதி வேகாமல் வரும், அதையே பொறுத்துக்கொண்டவன் இதைப் பொறுத்துக்கொள்ளமாட்டேனா என்றேன்.

நர்ஸம்மா யாரையும் பார்க்காமல் கம்பை ஊன்றி நடந்தார். உடைக்காத பாத்தியில் ஊன்றினார், டொக் என்றது. நின்று திரும்பி, “இது எப்படி ஆச்சு?” என்றார். அண்ணி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “நான்தாம்மா தண்ணியை அதிகமா அடிச்சுட்டேன்” என்றாள். சின்னக்குட்டி, இதைக் கேள். இரண்டு நாள் பேச்சு வாங்கினது போதாதென்று, நிலமே போகிற நேரத்தில், அந்தப் பெண் என் மானத்தைக் காப்பாற்ற மறுபடியும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு முன்னால் போய், இல்லைங்கம்மா, நான்தான், திமிசுக்கட்டையால் குத்தினேன், இடத்துக்குப் பத்து அடி, மூலைக்குப் பதினைந்து, அவள் வேண்டாம் என்று சொல்லியும் திருட்டுத்தனமாகக் குத்தினேன், எட்டாவதை மட்டும் சத்தத்துக்குப் பயந்து விட்டேன், அதுதான் முளைத்திருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சூளைக்காரர் வண்டி மேலேயே விழுந்து விழுந்து சிரித்தார். நர்ஸம்மா சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். “விதை போட்டதுக்கு அப்புறமா குத்துனீங்க?” ஆமாங்க. “பெரியவரே, பிரசவம் ஆகறதுக்கு முன்னாடி கதவைச் செங்கல் வெச்சு அடைச்சிருக்கீங்க.” ஆமாங்க என்றேன், வேறென்ன சொல்ல.

அப்புறம் நாங்கள் உதிர்த்து முடித்திருந்த அந்த ஒரு பாத்திக்குப் போய்க் கம்பை ஊன்றினார். கம்பு சரசரவென்று முழங்கை அளவுக்கு இறங்கியது. இழுத்தார், வரவில்லை, அண்ணன் போய் இழுத்துக் கொடுத்தான். கம்பில் ஒட்டின மண்ணைத் தேய்த்து மோந்து பார்த்தார். கொஞ்ச நேரம் எட்டாவது பாத்தியின் முன்னால் நின்றார். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, “என்ன வியாதின்னு தெரியாம இருந்தா இன்னிக்கே இவருக்குக் குடுத்திருப்பேன். அதான் தெரிஞ்சுபோச்சே, உங்க வியாதி அங்க கடப்பாரையைப் போட்டுட்டு நிக்குது” என்றார். “ஒண்ணாம் தேதி நான் வரலை. என்னிக்குக் காய் பறிக்கிறீங்களோ அன்னிக்குச் சொல்லி அனுப்புங்க. பறிக்க ஒண்ணுமே இல்லைன்னா அதையும் சொல்லி அனுப்புங்க, ஒளிக்கக் கூடாது.” சூளைக்காரர், அதுவரைக்கும் நான் காத்திருக்க முடியாதே அம்மா என்றார். “நான் உங்களைக் காத்திருக்கச் சொல்லலையே” என்றார் நர்ஸம்மா. ஆட்டோவில் ஏறும்போது திரும்பி, “அந்தக் கட்டையை எடுத்துட்டு வந்து வண்டியில வைங்க” என்றார். அண்ணன் ஓடிப்போய் என் திமிசுக்கட்டையைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தான். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

நர்ஸம்மா வந்துபோய் இன்றைக்குப் பதினொரு நாள் ஆயிற்று, கடிதம் இன்னும் உன்னிடம் வரவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய், எழுத எழுத சங்கதி கூடிக்கொண்டே போகிறது, என்ன செய்வேன். ஏழு பாத்தியையும் உதிர்த்து மறுபடி விதைத்தோம். பாத்தி கோணலாக இருக்கிறது, ஓரம் சரிந்திருக்கிறது, பார்த்தால் எனக்குக் கை அரிக்கும், ஆகவே நான் பாத்திக்கு நாலடி தள்ளித்தான் உட்கார வேண்டும் என்று உத்தரவு, அண்ணி தரையில் கோடே கிழித்துவிட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஐந்து நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் ஒன்றுமில்லை. யாரும் யாரிடமும் பாத்தியைப் பற்றிப் பேசவில்லை, அண்ணன் பூவாளியால் சாமரம் வீசுவதுபோல ஊற்றுகிறான், அம்மா அளவெடுக்கும்போது இரண்டு தடவை தப்பாக எடுத்தாள், அவள் கையில் அது நடந்து நான் பார்த்ததில்லை. இந்தத் தடவையும் வரவில்லை என்றால் சூளைக்காரர் கூட வேண்டாம், நாங்களே வீட்டுச் சாவியை நர்ஸம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இன்றைக்குக் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணி வந்தாள். குரலைத் தாழ்த்தி, “மாமா, வாங்க” என்றாள். பல்பொடியோடு போனேன். கோடு வந்ததும் நின்றேன். “தாண்டுங்க, இன்னிக்கு மட்டும்” என்றாள். அண்ணனை எழுப்பலாமா என்றேன். “அவரு அப்புறம் பாக்கட்டும், முதல்ல நீங்க” என்றாள். குனிந்தேன், தெரியவில்லை, மண்டியிட்டேன். மூன்றாம் பாத்தியில் மண் அங்கங்கே விரிந்து ஓடு தூக்கினமாதிரி நிற்கிறது. அந்தச் சின்ன ஓட்டுக்கு அடியில் பீன்ஸ் முதுகை வளைத்துக்கொண்டு, தலையை இன்னும் வெளியே எடுக்காமல், முதுகால் மண்ணைத் தள்ளுகிறது. நாற்பது வருடம் மேலே பாரம் ஏற்றினவன் நான், அடியிலிருந்து ஒன்று தன் பாட்டுக்குத் தூக்குவதை இன்றைக்குத்தான் பார்த்தேன். விரலை நீட்டினேன், அண்ணி சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டபடி எண்ணினோம். மூன்றாம் பாத்தியில் இருபத்திரண்டு. நாலாவதில் ஒன்பது. அதற்குள் அம்மா வந்துவிட்டாள், வந்ததும் டேப்பை எடுத்து இடைவெளி அளந்து, சரியாக இருக்கிறது என்றாள். அண்ணன் கடைசியாக வந்து, எல்லாரும் ஏன் மண்ணில் கிடக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பார்த்துவிட்டு, அவனும் கிடந்தான்.

நீ மாவு மூட்டை தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு. சாப்பாட்டை நின்றுகொண்டு சாப்பிடாதே. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மேசை மேல் போடாதே, யாராவது எடுத்துப் படிப்பார்கள், எனக்கு இப்போது தெரியும். எங்கள் நாலு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நல்ல உடம்போடும் நல்ல சிநேகிதர்களோடும் நூறு வருடம் இருக்க வேண்டும். மற்றப் பாத்திகளில் இன்னும் சத்தமில்லை, எனக்கு இன்றைக்குப் பூராவும் அங்கே உட்கார வேண்டும், ஆகையால் முடிக்கிறேன். அடுத்த வாரம் தபால்காரர் இந்தப் பக்கம் வரும்போது அவர் கையில் இன்னொரு கடிதம் கொடுக்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

உன் அன்புள்ள அப்பா,
கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து